பிரிண்ட் கோளாறு: தாளைப் பார்த்தே பிழையைப் பிடிப்பது

பிரிண்டர் மக்கர் செய்தால் பலரும் முதலில் டிரைவரை, அதாவது கணினியின் வேலையை பிரிண்டருக்குப் புரியும் மொழியில் சொல்லும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். இல்லாவிட்டால் மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை நான்கைந்து முறை ஓட்டுவார்கள். சில நேரம் பலிக்கும். பல நேரம் பொழுதையும் மையையும் தின்றுவிட்டு, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தும். கோப்பு, அதைத் திறந்திருக்கும் மென்பொருள், டிரைவரும் அச்சு வேலைகள் காத்திருக்கும் வரிசையும், கடைசியாக பிரிண்டர் என நான்கு கட்டங்களைத் தாண்டித்தான் ஓர் எழுத்து தாளில் வந்து உட்காருகிறது. பிழை எந்தக் கட்டத்தில் என்று தெரியும்வரை எதையும் கழற்ற வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம்.

இரண்டு நிமிடச் சோதனை

கணினிக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிரிண்டரின் திரையிலிருந்தே ஒரு சோதனைத் தாள் எடுங்கள். திரை இல்லாத மாடல்களில் ஏதாவது ஒரு பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் வரும். எந்தப் பொத்தான் என்பது கையேட்டில் இருக்கும். அந்தத் தாளிலேயே கோடோ கறையோ தெரிந்தால் கோளாறு பிரிண்டருக்குள். கணினிப் பக்கம் போகவே தேவையில்லை.

அது சுத்தமாக வந்தால் கேபிளைச் செருகி, விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் உள்ள 'பிரிண்ட் டெஸ்ட் பேஜ்' கொடுங்கள். இங்கே சறுக்கினால் டிரைவர் அல்லது இணைப்பு. இதுவும் தேறினால் பிழை கோப்பிலோ மென்பொருளிலோ இருக்கிறது. அதே கோப்பை வேறு மென்பொருளில் திறந்து அனுப்புங்கள் (பிடிஎஃப் என்றால் உலாவியிலேயே திறக்கும்), அதே மென்பொருளிலிருந்து வேறு கோப்பை அனுப்புங்கள். எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்தால் போதும்.

பிரிண்ட் கொடுத்தாயிற்று, தாளே வரவில்லை

முதலில், வேலை எந்தப் பிரிண்டருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். இயல்பு (டீஃபால்ட்) பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், கடைசியாகப் பயன்படுத்தியதுதான் இயல்பாகிவிடும். நேற்று ஒரு கடிதத்தை 'பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாகச் சேமித்திருந்தால், இன்று பிரிண்ட் கொடுத்ததும் கோப்புக்குப் பெயர் கேட்கும். அமைப்புகளில் பிரிண்டர்கள் பகுதிக்குப் போய் அந்த வசதியை அணைத்துவிட்டு, வேண்டிய பிரிண்டரை நீங்களே இயல்பாக வையுங்கள்.

வரிசையில் ஒரு வேலை 'டெலீட்டிங்' என்றே நின்று, பின்னால் வருபவை எல்லாம் தேங்கிக் கிடந்தால், வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் ஸ்பூலரைக் காலி செய்ய வேண்டும். எதை முதலில், எதை அடுத்து செய்கிறோம் என்பது முக்கியம்: சர்வீசஸ் பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்துங்கள், விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே கிடக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், கோப்புறையை விட்டுவிடுங்கள், பிறகு சேவையை மீண்டும் தொடங்குங்கள். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினி என்றால் மற்றவர்களின் வேலைகளும் சேர்ந்தே போய்விடும், சொல்லிவிட்டுச் செய்யுங்கள். காலி செய்த பிறகும் அதே கோப்பு மறுபடி சிக்கினால் குற்றவாளி அந்தக் கோப்புதான்.

பிரிண்டர் இயக்கத்தில் இருக்கும்போதே 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறதா? யூஎஸ்பி என்றால், கேபிளை வேறு துளையில் மாற்றிச் செருகியதில் அதே பிரிண்டர் 'காப்பி 1' என்ற பெயரில் இரண்டாவதாக முளைத்திருக்கலாம். பழைய பெயருக்கு அனுப்பினால் அது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். வைஃபை என்றால் பெரும்பாலும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரிண்டரை அடையாளம் காட்டும் எண்) மாறியிருக்கும். பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை எடுத்து, அதிலுள்ள முகவரியை ப்ராப்பர்டீஸின் 'போர்ட்ஸ்' பகுதியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் போர்ட்டைத் திருத்துங்கள். அதோடு நிறுத்தினால் ரௌட்டர் அணைந்து மீண்டும் இயங்கும்போது மறுபடி மாறலாம். ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பதே நிலையான தீர்வு. பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை அவை பார்க்கவே பார்க்காது. விருந்தினர் வைஃபையில் இணைந்த கைபேசிக்கும் பெரும்பாலும் பிரிண்டர் தெரியாது, அந்த இணைப்பு மற்றச் சாதனங்களை மறைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது.

பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள்

ஒரு பக்கக் கடிதத்துக்கு ஐம்பது பக்கம் வருகிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு வரிக் கிறுக்கல். இது பிரிண்டருக்குத் தெரியாத மொழியில் டிரைவர் பேசியதன் விளைவு. பக்கத்தை விவரிக்கும் மொழிகளில் ஒன்றான போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத பிரிண்டருக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் அனுப்பினால், கட்டளைகளையே எழுத்தாக எண்ணி அச்சடித்துவிடும். முதல் வரி சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியுமாகத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். உடனே தாள் டிரேயை வெளியே இழுங்கள், வரிசையை ரத்து செய்யுங்கள், பிரிண்டரை அணைத்து மீண்டும் இயக்குங்கள். அதன் நினைவகத்தில் மிச்சம் இருப்பது அப்போதுதான் போகும். பிறகு மாடலுக்கு உரிய டிரைவரைப் போடுங்கள். டிரைவரை மாற்றுவது முதல் மருந்தாக இருக்கும் மிகச் சில அறிகுறிகளில் இது ஒன்று.

ஒரே ஒரு பிடிஎஃப் மட்டும் கிறுக்கலாக வந்தால் டிரைவரைத் தொடாதீர்கள். அடோபி ரீடரின் பிரிண்ட் சாளரத்தில் 'அட்வான்ஸ்டு' அழுத்தி 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' தேர்ந்தெடுங்கள். எழுத்து, எழுத்துரு என்று எதையும் அனுப்பாமல் பக்கத்தை ஒரே படமாக்கி அனுப்பும். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்தின் விளிம்பு சற்றே மென்மையாகும், ஆனால் வந்துவிடும். பாதிப் பக்கத்தோடு நின்று நினைவகம் போதவில்லை என்று சொல்லும் கனமான வரைபடக் கோப்புகளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் இப்படி அனுப்பிப் பாருங்கள்.

தமிழ் எழுத்து கட்டமாக, கோளாறாக வருகிறது

இதில் நான்கு விதம் உண்டு. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

வெறும் கட்டங்கள் வந்தால், பயன்படும் எழுத்துருவில் தமிழே இல்லை. ஆவணத்தை உருவாக்கிய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போவதுதான் நல்ல வழி. ஆக்கியபின் ரீடரில் ஆவணத்தின் ப்ராப்பர்டீஸ், 'ஃபான்ட்ஸ்' பகுதியைத் திறந்து, எழுத்துருப் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எழுத்துரு கோப்போடு சேர்ந்தே பயணிக்கிறது. வேர்ட் கோப்பாகவே கொடுத்தாக வேண்டும் என்றால், ஆப்ஷன்ஸ், 'சேவ்' பகுதியில் எழுத்துருக்களைக் கோப்பில் பதிக்கும் தேர்வை இயக்கிவிட்டுச் சேமியுங்கள்.

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக வந்தால், அது பாமினி போன்ற பழைய குறிமுறையில் தட்டச்சு செய்த ஆவணம். அந்தக் கோப்புக்குள் இருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தை மாட்டியிருந்தது. எழுத்துருவை லதாவுக்கோ நிர்மலாவுக்கோ மாற்றினால் சரியாகும் என்று நினைப்பது வீண். ஒன்று, அதே பழைய எழுத்துருவை நிறுவ வேண்டும். அல்லது உரையை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவியில் போட்டு எடுக்க வேண்டும். மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், நடுவே கலந்திருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் எண்களும் சில சமயம் தமிழாகிவிடும்.

'கொ' என்பது ககரத்துக்குப் பின்னால் கொம்பு விழுந்ததுபோல் உடைந்து வந்தால், பிடிஎஃபை உருவாக்கிய மென்பொருளுக்கு எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி அடுத்து என்று சேமிக்கப்படும்; அதைப் பிரித்து இருபுறமும் வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. மூல உரையை எடுத்து வேர்டிலோ லிப்ரேஆஃபீசிலோ ஒட்டி அங்கிருந்து பிடிஎஃப் ஆக்குங்கள். புள்ளிவட்டம் தெரிந்தால் மட்டும் கதை வேறு: உயிர்க்குறி தட்டச்சிலேயே இடம் தவறி விழுந்திருக்கிறது, உரையைத்தான் திருத்த வேண்டும்.

திரையில் ஒழுங்காக இருந்து தாளில் மட்டும் மாறுகிறதா? டிரைவரின் 'அட்வான்ஸ்டு' அமைப்புகளில் ட்ரூடைப் எழுத்துருவைப் பற்றிய தேர்வு இருந்தால், பிரிண்டரின் சொந்த எழுத்துருவால் ஈடு செய்யும் முறையை விட்டு 'டவுன்லோட் ஆஸ் சாஃப்ட்ஃபான்ட்' வையுங்கள். தேர்வே இல்லையென்றால் மேலே சொன்ன 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' இருக்கிறது.

ஓரம் வெட்டுப்படுகிறது, அளவு மாறுகிறது

ஏ4 தாள் 210 × 297 மி.மீ. லெட்டர் தாள் 216 × 279 மி.மீ. ஒன்று நீளம், மற்றது அகலம். பல மென்பொருள்கள் லெட்டரையே இயல்பாக வைத்திருப்பதால், ஏ4 தாளில் லெட்டர் ஆவணத்தை அப்படியே அடித்தால் பக்கவாட்டில் நெருக்கம், கீழே வீண் இடம். தாள் நிறைய இருக்கும்போதே தாள் வையுங்கள் என்று பிரிண்டர் அடம்பிடிப்பதும் இதனால்தான். பழைய லேசர்ஜெட்களில் 'பிசி லோட் லெட்டர்' என்று வந்து எல்லோரையும் குழப்பிய செய்தியும் இதே ரகம். அதிலிருந்த பிசி கணினி அல்ல, தாள் வைக்கும் கேசட். அளவை மூன்று இடத்தில் ஒன்றாக்குங்கள்: ஆவணத்தின் பக்க அமைப்பு, டிரைவர், பிரிண்டரின் டிரே அமைப்பு.

தாளின் விளிம்புவரை சாதாரண பிரிண்டர்கள் அடிக்காது. சுற்றிலும் சுமார் 3 முதல் 5 மி.மீ. வெற்றாக விடும். அந்த இடத்தில் எழுத்து இருந்தால் வெட்டுப்படும். 'ஃபிட்' கொடுத்தால் பக்கம் சற்றே சுருங்கி உள்ளே அடங்கும், கடிதத்துக்கு அது போதும். தையல் வெட்டுப்படம், ஒட்டுச்சீட்டுத் தாள், அளவுகோல் போட்ட வரைபடம் இவற்றுக்கு 'ஃபிட்' விஷம். 'ஆக்சுவல் சைஸ்' மட்டுமே. முதல் தாளில் 100 மி.மீ. என்று குறித்த கோட்டை ஸ்கேலால் அளந்து, 97 வந்தால் எங்கோ சுருக்கம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். மென்பொருளிலும் டிரைவரிலும் தனித்தனியே சதவீத அமைப்பு உண்டு, இரண்டையும் பாருங்கள்.

நிரப்பிய படிவம் வெற்றாக வருகிறது

ரீடரின் பிரிண்ட் சாளரத்தில் 'காமென்ட்ஸ் அண்டு ஃபார்ம்ஸ்' என்ற பட்டியலில் 'டாக்குமென்ட் அண்டு மார்க்கப்ஸ்' வையுங்கள். குறிப்புகளும் மஞ்சள் தீட்டலும் வேண்டாமென்றால் 'டாக்குமென்ட்' மட்டும். பிரிண்ட் பொத்தானே மங்கிக் கிடந்தால் ப்ராப்பர்டீஸில் 'செக்யூரிட்டி' பாருங்கள். அச்சிட அனுமதி இல்லை என்றிருந்தால் அது கோளாறு இல்லை, அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.

எக்ஸெலில் கடைசி நெடுவரிசை மட்டும் தனித்தாளில் போய் விழுந்தால் 'பேஜ் லேஅவுட்' பகுதியில் அகலத்தை 1 பக்கம் என்று வையுங்கள், உயரத்தைத் தானியங்கியாகவே விடுங்கள். இரண்டையும் 1 ஆக்கினால் ஐந்நூறு வரியும் ஒரே தாளில் எறும்பாகிவிடும். முடிவில்லாமல் வெற்றுத்தாள் வந்தால் எங்கோ தூரத்தில் ஒரு கட்டத்தில் இடைவெளியோ வடிவமைப்போ கிடக்கிறது. வேண்டிய பகுதியைத் தேர்ந்து 'செட் பிரிண்ட் ஏரியா' கொடுங்கள். வேர்டில் கடைசியாக ஒரு வெற்றுப் பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டால், பெரும்பாலும் அது பக்கத்தின் அடியில் முடியும் அட்டவணைக்குப் பின்னாலுள்ள பத்திக்குறி. அதை அழிக்க முடியாது. எழுத்தளவை 1 ஆக்கி, பத்தி இடைவெளியைப் பூஜ்ஜியமாக்கினால் முந்தைய பக்கத்துக்கு ஏறிவிடும்.

படம் மங்கலாக வருகிறது

ஏ4 முழுக்க 300 டிபிஐ தரத்தில் படம் வேண்டுமென்றால் 2480 × 3508 புள்ளிகள் தேவை. அதில் பாதி, அதாவது 1240 × 1754 இருந்தால் கை தூரத்தில் படிக்கும் ஆவணத்துக்குச் சமாளிக்கலாம். அதற்கும் கீழே போனால் எந்தப் பிரிண்டராலும் காப்பாற்ற முடியாது. அரட்டைச் செயலிகள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். படமாக அல்லாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பே வரும்.

இங்க்ஜெட்: வெள்ளைக் கோடு, மாறிய நிறம்

தாளின் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள் என்றால் ஹெட்டில் சில துளைகள் அடைத்திருக்கின்றன. 'நாசில் செக்' தாளை எடுத்து எந்த நிறத்தில் இடைவெளி என்று பாருங்கள். மெஜந்தா போனால் படம் பச்சை தட்டும், மஞ்சள் போனால் நீலம் பாயும். ஹெட் கிளீனிங் ஒருமுறை ஓட்டி, மறுபடி நாசில் செக். இப்படி மூன்று முறை, அதற்கு மேல் வேண்டாம். முன்னேற்றம் இல்லையென்றால் அணைத்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். உலர்ந்த மை தானாக ஊறி இளகும், காற்றுக்குமிழியும் வெளியேறும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் மை பிரிண்டரின் அடியிலுள்ள பஞ்சில் போய்த்தான் சேருகிறது. அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு காட்டினால் பல மாடல்கள் அச்சிடவே மறுக்கும்.

அடைப்பு வராமல் இருக்க வாரம் ஒரு வண்ணத் தாள் எடுப்பது போதும். அதைவிட முக்கியம், பிரிண்டரை அதன் பொத்தானால் அணைப்பது. அப்போதுதான் ஹெட் ஓரத்துக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்காரும். சுவர் சுவிட்சை நேரடியாக அணைத்தால் பாதி வழியில் திறந்தபடி நின்று காயும்.

நாசில் செக் ஒழுங்காக இருந்தும் செங்குத்துக் கோடுகள் இரட்டையாக, நெளிந்து தெரிந்தால் ஹெட் அலைன்மென்ட் செய்யுங்கள். கறுப்பு கார்ட்ரிட்ஜ் நிறைய இருந்தும் கறுப்பு பழுப்பாக வந்தால், தாள் வகையில் போட்டோ பேப்பர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றில் எழுத்துக்கான கறுப்பு மை நிறமித் துகள் கலந்தது. பளபளப்புத் தாளில் அது ஒட்டாது என்பதால் மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பு செய்யும். எதிர்மாறாக, பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'ப்ளெயின்' தேர்ந்தெடுத்தால் கறுப்பு காயாமல் விரலில் வரும்.

லேசர்: ஸ்கேலை எடுங்கள்

ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால், சுழலும் ஏதோ ஓர் உருளையில் காயம் இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் அந்த உருளையின் விட்டம் கிடைக்கும். 75 மி.மீ. என்றால் 24 மி.மீ. விட்டம், 94 என்றால் 30. சிறிய லேசர்களில் இவை பெரும்பாலும் டிரம், அதாவது பக்கத்தின் உருவம் முதலில் பதியும் உருளை. கார்ட்ரிட்ஜோடு சேர்ந்த டிரம் என்றால் கார்ட்ரிட்ஜை மாற்றுவதோடு முடியும். சர்வீஸ் கையேட்டில் இந்த இடைவெளிகளைப் பட்டியலாகவே தந்திருப்பார்கள்.

விரலால் தேய்த்தால் எழுத்து உதிர்கிறதா? டோனர் என்ற மைத்தூளை உருக்கிப் பதிக்கும் ஃப்யூசர் போதிய சூடு ஏறவில்லை. 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேலை செய்யும் பாகம் அது. தடித்த தாளை வைத்துவிட்டு 'ப்ளெயின்' என்று விட்டிருந்தால் தாள் வேகமாக ஓடிவிடும். தாள் வகையை 'ஹெவி' ஆக்குங்கள். ஈரம் ஏறிய தாளிலும் இப்படி வரும். இரண்டும் இல்லையென்றால் ஃப்யூசரே பழுது, அது கைவைக்கும் வேலை இல்லை.

மேலிருந்து கீழாக மங்கிய பட்டை என்றால் டோனர் குறைந்திருக்கிறது அல்லது ஒருபக்கம் ஒதுங்கியிருக்கிறது. கார்ட்ரிட்ஜைக் கிடைமட்டமாகப் பிடித்து ஐந்தாறு முறை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். கூர்மையான கறுப்புக் கோடு டிரம்மின் கீறல். தாள் முழுக்கக் கறுப்பாக வந்தால் டிரம்முக்கு மின்னேற்றம் கிடைக்கவில்லை. புதிய கார்ட்ரிட்ஜ் போட்டும் தாள் முழுக்க வெள்ளை என்றால், இழுத்து எடுக்க வேண்டிய அடைப்பு நாடா உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள், சொல்லக் கூச்சப்படும் அளவுக்கு அடிக்கடி நடப்பது. நாடா இல்லையென்றால், தாள் பாதி வழியில் ஓடும்போது மூடியைத் திறந்து டிரம்மைப் பாருங்கள். அதன்மேல் எழுத்து தெளிவாக இருந்தால் தாளுக்கு மாற்றும் ரோலரில் பிழை. அங்கும் எழுத்து இல்லையென்றால் கார்ட்ரிட்ஜோ லேசரோ. டிரம்மை வெளிச்சத்தில் நிமிடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். கொட்டிய டோனரை வெந்நீரில் கழுவினால் துணியில் உருகிப் பதிந்துவிடும். உலர்ந்த துணியால் தட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும்.

தாள் சிக்குகிறது, இரண்டிரண்டாகப் போகிறது

சிக்கிய தாளை இரண்டு கையாலும், அது போகும் திசையிலேயே, மெல்ல இழுங்கள். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசைமேல் பொருத்தி, எங்காவது மூலை குறைகிறதா என்று பாருங்கள். தாளே இல்லாமல் சிக்கல் விளக்கு எரிந்தால், நகம் அளவுத் துண்டு ஒன்று உணரியின் சின்ன நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்கும். லேசரில் ஃப்யூசர் பக்கம் கை விடும் முன் அரைமணி நேரம் ஆறவிடுங்கள்.

தாளை இழுக்கவே இல்லையென்றால் எடுப்பு ரோலர் தூசியால் வழுக்குகிறது. பஞ்சு உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். இரண்டிரண்டாகப் போனால் பிரிப்பு ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது தாள்கள் ஒட்டியிருக்கும். கட்டைப் பிரித்து விசிறி, ஓரம் தட்டி, உச்சக் கோட்டுக்குக் கீழே அடுக்குங்கள். டிரேயின் பக்கத் தடுப்புகள் தாளைத் தொட வேண்டும், நெருக்கக் கூடாது. இடைவெளி இருந்தால் அச்சு சாய்ந்து வரும்.

பின்பக்கம் தலைகீழாக வருகிறது

நிமிர்ந்த பக்கத்தைப் புத்தகம்போல் புரட்ட 'லாங் எட்ஜ்'. நாட்காட்டிபோல் மேலே தூக்கிப் புரட்ட 'ஷார்ட் எட்ஜ்'. சிறுநூலாக மடிக்கப் பக்க எண்ணிக்கை 4 ஆல் வகுபட வேண்டும். 18 பக்கம் என்றால் கடைசியில் 2 வெற்றுப் பக்கம் சேரும். கையால் திருப்பி வைக்கும் பிரிண்டரில், டிரேயில் வைக்கும் தாளின் மேல்முகத்தில், உள்ளே போகும் விளிம்பருகே பென்சிலால் ஓர் அம்பு போட்டு ஒரே ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். அச்சு எந்த முகத்தில், எந்தத் திசையில் விழுகிறது என்று அதில் தெரியும். லேசரில் முதல் பக்கம் அடித்த கையோடு திருப்பி வைத்தால், சூட்டில் சுருண்ட தாள் உள்ளே சிக்கும். சில நிமிடம் ஆறவிட்டு, நீவி வையுங்கள். அந்த அம்புத் தாளைத் தூக்கிப் போடாமல் டிரேயின் மேலேயே ஒட்டி வைத்துவிடுங்கள்.